பன்றிக்குக் குடற்புழு: பப்பாளிப் பால் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மூன்று மாதக் குட்டி. தவிடு, ஓட்டல் சோறு, காய்கறிக் கழிவு என்று எதைப் போட்டாலும் தொட்டியைத் துடைத்துவிட்டுத் தின்கிறது. ஆனாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருக்கிறது. ரோமம் பளபளப்பில்லாமல் சிலிர்த்துக் கிடக்கிறது. அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டி 30 கிலோவைத் தொட்டுவிட்ட நேரத்தில், இது 18 கிலோவில் நின்றுகொண்டிருக்கிறது. வீட்டுக் கொல்லையில் நான்கைந்து வெண்பன்றி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 'ராசியில்லாத குட்டி' என்று சொல்லி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் குட்டியின் ராசியில் குறையில்லை. குறை அதன் குடலுக்குள் இருக்கிறது.

பன்றி வளர்ப்பில் ஆகும் செலவில் மிகப் பெரிய பங்கு தீவனத்துக்குத்தான் போகிறது. ஓட்டல் கழிவைச் சும்மா எடுத்து வருகிறோம் என்றாலும் வண்டிக்கு பெட்ரோல், ஆளுக்கு நேரம், வேகவைக்க விறகு என்று எல்லாமே காசுதான். அந்தத் தீவனத்தில் ஒரு பங்கைப் புழு வாங்கிக்கொண்டால், பன்றி விற்கிற தேதி ஒரு மாதமோ இரண்டு மாதமோ தள்ளிப்போகும். அந்த இரண்டு மாதத் தீவனம் முழுக்க நஷ்டக் கணக்கில் சேரும்.

இதற்குத்தான் 'பப்பாளி விதை கொடுத்தால் போதாதா? வேப்பிலை அரைத்து ஊற்றலாமா? குப்பைமேனி கேட்குமா?' என்று விவசாயிகள் கேட்கிறார்கள். கால்நடை மருந்தகம் தூரத்தில் இருக்கிறது. மாடு என்றால் வீட்டுக்கே வந்து பார்க்கும் டாக்டர், பன்றி என்றால் கொஞ்சம் யோசிப்பதும் சில ஊர்களில் உண்டு. ஆகவே, கொல்லையில் நிற்கும் செடியைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தச் செடி, எந்தப் புழுவை, எவ்வளவு கொடுத்தால் வெளியேற்றும் என்பது தெரியாமல் கொடுத்தால், மருந்து கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதி மட்டும்தான் மிஞ்சும். புழு அப்படியே இருக்கும்.

முதலில் எதிரியைப் பாருங்கள்

பன்றிக் குடலில் குடியிருக்கும் புழுக்களில் முதலிடம் பெரிய உருண்டைப்புழுவுக்கு. பெண் புழு ஓர் அடி நீளத்துக்கு மேல்கூட வளரும். வெளிர் நிறத்தில், பென்சில் பருமனில் இருக்கும். ஒரு பெண் புழு ஒரே நாளில் லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டை சாணத்தோடு வெளியே வந்து, சில வாரங்களில் அதற்குள் இளம்புழு உருவான பிறகுதான் நோயைத் தொற்ற வைக்கும். மண்ணைக் கிளறித் தின்பது பன்றியின் சுபாவம். குட்டி தாயின் மடியைச் சப்பும்போது, மடியில் ஒட்டியிருக்கும் மண்ணோடு முட்டையும் உள்ளே போய்விடும்.

உள்ளே போன புழு நேராகக் குடலில் தங்குவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்புழு குடல் சுவரைத் துளைத்து ஈரலுக்குப் போகிறது. அங்கிருந்து ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிறது. மூச்சுக்குழாய் வழியாக மேலேறி, தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கு வந்துதான் வளர்கிறது. இந்தப் பயணம் முடிந்து முட்டையிடத் தொடங்க 6 முதல் 8 வாரம் ஆகும். அந்த நாள்களில் குட்டி இருமும். வயிற்றை எக்கி எக்கி மூச்சு வாங்கும். சளி என்று நினைத்து ஊசி போடுவார்கள். சாணத்தைப் பரிசோதித்தாலும் முட்டை தெரியாது, ஏனென்றால் புழு இன்னும் முட்டையிடும் வயதுக்கு வரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, கறிக்கடைக்காரரிடம் ஈரலைக் கேட்டுப் பார்ப்பது. உங்கள் பன்றியை அறுக்கும்போது ஈரலின் மேல் பால் தெளித்தாற்போல வெள்ளைத் திட்டுகள் இருந்தால், சில வாரங்களுக்கு முன்பு இளம்புழுக்கள் அந்த வழியாகப் போயிருக்கின்றன என்று அர்த்தம். விற்ற பன்றிக்கு இனி ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால், கொட்டகையில் மிச்சம் இருக்கும் பன்றிகளின் நிலைமை அதில் எழுதியிருக்கிறது.

மற்றவை: பெருங்குடலில் தலையைப் புதைத்துக்கொண்டு ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் சாட்டைப்புழு, அதே பெருங்குடலில் முடிச்சு முடிச்சாகக் கட்டியை எழுப்பித் தாய்ப்பன்றியை இளைக்கவைக்கும் முடிச்சுப்புழு, பிறந்து பத்துப் பதினைந்து நாளிலேயே, தாய்ப்பால் வழியாக வந்து குட்டிக்குக் கழிச்சலைக் கொடுக்கும் நூல்புழு. இவற்றோடு, பன்றிக்கும் மனிதருக்கும் சேர்ந்து வினை வைக்கும் நாடாப்புழு ஒன்று உண்டு. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

பப்பாளிப் பாலின் கணக்கு

மூலிகைகளில் பன்றியின் உருண்டைப்புழுவுக்கு எதிராக ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கப்பட்டது பப்பாளிப் பால். காயைக் கீறினால் வடியும் பாலில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதும் இதனால்தான். புழுவின் மேல்தோலும் புரதம்தான். அந்தத் தோலை நொதி அரித்துவிட்டால் புழு தாக்குப்பிடிக்காது.

இந்தோனேசிய, டென்மார்க் ஆய்வாளர்கள் சேர்ந்து 1994-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இயற்கையாகவே புழு பிடித்திருந்த பன்றிகளுக்கு இந்தப் பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கொடுத்தபோது உருண்டைப்புழு சுமார் 40 சதவீதம் குறைந்தது. 4 கிராம் கொடுத்தபோது சுமார் 80 சதவீதம். 8 கிராம் கொடுத்தபோது முழுவதும் போயிற்று. அதிக அளவு கொடுக்கப்பட்ட பன்றிகளுக்கு லேசான கழிச்சல் வந்து நின்றது.

படித்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ குட்டி ஒன்றுக்கு, 80 சதவீதப் பலனுக்கே 80 கிராம் பால் வேண்டும். முழுப் பலனுக்கு 160 கிராம். ஒரு காயைக் கீறினால் கிடைப்பது சில கிராம்தான். பத்துக் குட்டி இருந்தால் ஒரு தோப்பையே கீற வேண்டும். பப்பாளிப் பாலை வணிகத்துக்காக எடுக்கும் தோட்டம் பக்கத்தில் இருக்கிறவர் முயன்று பார்க்கலாம். கொல்லையில் இரண்டு மரம் வைத்திருப்பவர் இதை நம்பிப் புழு நீக்க முடியாது. பால் கையில் பட்டாலும் கண்ணில் தெறித்தாலும் எரியும் என்பதையும் மறக்கக்கூடாது.

அப்படியானால் விதை? பப்பாளி விதைக்குக் கார வாசனை கொடுக்கும் பொருளுக்குப் புழுவைத் தாக்கும் குணம் உண்டு. பழுத்து விற்காமல் போன பழங்களை விதையோடு பன்றிக்குப் போடுவது நல்ல வழக்கம், விடவேண்டியதில்லை. ஆனால், அதைத் தீவனம் என்று கணக்கில் எழுதுங்கள், குடற்புழு நீக்கம் என்று எழுதாதீர்கள். சினைப்பன்றிக்குப் பப்பாளிக்காயும் பாலும் வேண்டாம். கருப்பையைச் சுருங்கச் செய்யும். இனத்துக்கு வைத்திருக்கும் ஆண் பன்றிக்கு விதையைத் தொடர்ந்து கொடுப்பதும் நல்லதல்ல.

இன்னொன்று, பப்பாளிப் பால் என்ன, எந்தச் செடியாக இருந்தாலும் குடலில் இருக்கும் புழுவைத்தான் தொடும். ஈரலிலும் நுரையீரலிலும் பயணத்தில் இருக்கும் இளம்புழுவுக்கு அது எட்டாது. ஒருமுறை கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டால், மூன்று நான்கு வாரத்தில் அடுத்த படை குடலுக்கு வந்துவிட்டிருக்கும்.

மற்ற செடிகள்

பூசணி விதையில் இருக்கும் ஒருவகை அமினோ அமிலம் நாடாப்புழுவைப் பிடி தளரச் செய்கிறது. பன்றிக்கு விருப்பமான தீனி, புரதமும் கொழுப்பும் உண்டு, நஞ்சும் இல்லை. பூசணி பயிரிடும் பகுதிகளில் தாராளமாகக் கொடுக்கலாம். பாக்கில் இருக்கும் சத்துக்கும் நாடாப்புழுவை முடக்கும் சக்தி இருக்கிறது. ஆனால், அளவு கொஞ்சம் கூடினாலும் பன்றி எச்சில் வடித்து, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறிப்போகும். பாக்கை வீட்டு வைத்தியத்தில் சேர்க்க வேண்டாம்.

வேப்பிலையின் பிரச்னை, பன்றிக்கு நாக்கு இருப்பது. தீவனத்தில் கசப்பு தெரிந்தால் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடும். வெல்லம் சேர்த்து ஏமாற்றலாம். அப்போதும் இலை கொடுத்துப் பெரிய உருண்டைப்புழுவைக் குடலிலிருந்து அகற்றிவிட முடியும் என்று எதிர்பார்க்கக்கூடாது. குப்பைமேனி, தும்பை, பாகல் இலை, பூண்டு, மஞ்சள் எல்லாம் மாடு, ஆடுகளுக்கான மரபு வைத்தியத்தில் புழுவுக்குச் சேர்ப்பவை. அந்தக் கலவைகளின் அளவு நான்கு அறை வயிறு உள்ள, அசைபோடும் கால்நடைக்காகச் சொல்லப்பட்டது. பன்றிக்கு நம்மைப்போல ஒற்றை வயிறு. மாட்டுக்குச் சொன்ன அளவை எடையில் வகுத்துப் பன்றிக்கு ஊற்றினால் அதே பலன் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 'ஒரு கைப்பிடி' என்பதும் அளவாகாது. இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும், மழைக்கால இலைக்கும் சித்திரை மாத இலைக்கும் சத்து மாறும்.

டென்மார்க்கில் வேறொரு வழி கிடைத்திருக்கிறது. காபித்தூளில் கலக்கும் சிக்கரி இருக்கிறதே, அதன் கிழங்கைப் பன்றித் தீவனத்தில் சேர்த்தபோது பெருங்குடல் முடிச்சுப்புழு வெகுவாகக் குறைந்தது. கிழங்கில் இருக்கும் இனுலின் என்ற மாவுப்பொருள் பெருங்குடலில் புளித்து, புழுவுக்குப் பிடிக்காத சூழலை உண்டாக்குகிறது. மருந்தாக இல்லாமல் தீவனமாகவே புழுவைக் கட்டுப்படுத்தும் வழி இது. ஆனால் தினசரித் தீவனத்தில் கணிசமான பங்காகக் கிழங்கு இருக்க வேண்டும். கடையில் வாங்கும் வறுத்த சிக்கரித்தூளைத் தூவினால் நடக்காது.

தொடவே கூடாதவையும் உண்டு. ஆடுதீண்டாப்பாளையைப் புழுக்கொல்லி என்று கிராமங்களில் பறித்துக் கொடுக்கிறார்கள். புழுவைத் தாக்கும் குணம் அதற்கு இருக்கிறது. கூடவே, சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் அமிலமும் இருக்கிறது. ஆடே தீண்டாத செடியைப் பன்றிக்குப் புகட்டுவானேன்? பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் சூபாபுல் விதையைப் புழுவுக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அதில் இருக்கும் மைமோசின் என்ற நச்சை முறிக்க அசைபோடும் வயிற்று நுண்ணுயிரிகள் வேண்டும். பன்றிக்கு அவை கிடையாது. தொடர்ந்து தின்றால் ரோமம் உதிர்ந்து இளைத்துப்போகும்.

இரண்டு புழு விழுந்தால் போதுமா?

மூலிகை கொடுத்த மறுநாள் சாணத்தில் இரண்டு புழு நெளிந்தால், 'பார், கேட்டுவிட்டது' என்று முடிவுகட்டிவிடுகிறோம். வயிற்றைக் கலக்கும் எதைக் கொடுத்தாலும் நாலு புழு விழும். வயதான புழு ஒன்றும் கொடுக்காமலே விழும். உள்ளே எத்தனை மிச்சம் என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை நீங்களே தேடலாம். ஒரே ஈற்றில் பிறந்த ஆறு குட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூலிகை, மூன்றுக்கு ஒன்றும் இல்லை. தீவனமும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். கொடுப்பதற்கு முன்பு ஒவ்வொன்றின் சாணத்தையும் தனித்தனியாகப் பரிசோதித்து, கிராமுக்கு எத்தனை முட்டை என்று எழுதி வாங்குங்கள். கொடுத்த 10 முதல் 14-ம் நாளில் மறுபடியும் பரிசோதனை. நவீன மருந்து என்றால் முட்டை எண்ணிக்கை 90 சதவீதத்துக்குக் குறைவாக இறங்கினாலே 'மருந்து வேலை செய்யவில்லையோ' என்று சந்தேகப்படுவார்கள். உங்கள் மூலிகை பாதியாவது குறைத்ததா என்று பாருங்கள். குறைத்தால் அதற்கு ஓர் இடம் உண்டு. இல்லையென்றால் அரைத்த நேரம் மிச்சம்.

எடை போடத் தராசு இல்லாதவர்கள் டெய்லர் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளத்தை அளந்து அதனாலும் பெருக்குங்கள். வருவதை 880 ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 34, நீளம் 36 என்றால் சுமார் 47 கிலோ. புழு மருந்தானாலும் மூலிகையானாலும் எடை தெரியாமல் கொடுக்கக்கூடாது. குறைத்துக் கொடுத்தால் பிழைத்த புழு மருந்துக்குப் பழகிவிடும்.

தரைக்கு வைத்தியம்

உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில், சுண்ணாம்பு எதற்கும் அசையாது. கொதிக்கும் தண்ணீரும், நல்ல வெயிலில் காய்வதும்தான் அதைக் கொல்லும். ஆகவே தினமும் சாணத்தை வாரிவிடுங்கள். முட்டை தொற்றும் நிலைக்கு வர வாரங்கள் ஆகும் என்பதால், அதற்குள் வாரிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிமென்ட் தரையில் வெடிப்பு இருந்தால் பூசிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறு தேங்கவிடாதீர்கள். ஒரு தொகுதி விற்றதும் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, பத்து நாள் காயவிட்டு அடுத்ததை ஏற்றுங்கள். ஈனப்போகும் தாயைப் புது அறைக்கு மாற்றும் முன்பு சோப்புப் போட்டு, முக்கியமாக மடியையும் வயிற்றையும், கழுவுங்கள். குட்டிக்குக் கிடைக்கும் மிக மலிவான புழு வைத்தியம் அந்த ஒரு வாளித் தண்ணீர்தான்.

வாரிய எருவைப் பச்சையாகக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள். இந்தப் புழு மனிதரையும், குறிப்பாகக் குழந்தைகளையும் தொற்றும். குவியலாகக் கட்டி, உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறி, திருப்பிப்போட்டு மறுபடியும் சூடேறிய பிறகே வயலுக்குப் போகட்டும்.

மூலிகை எட்டாத புழு

இப்போது அந்த நாடாப்புழு. பன்றியின் கறியில், நாக்கின் அடியில் ஜவ்வரிசி போலச் சிறு நீர்க்கட்டிகள் தெரிந்தால் அது இந்தப் புழுவின் குழந்தைப் பருவம். பன்றிக்கு இதை யார் கொடுத்தது? மனிதர்தான். இதன் முழுப் புழு மனிதக் குடலில் மட்டுமே வாழும். அவர் திறந்தவெளியில் மலம் கழித்தால் முட்டை மண்ணுக்கு வரும். அவிழ்த்துவிட்ட பன்றி அதைத் தின்று, கறியில் கட்டி வரும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வரும்.

இதோடு நின்றால் பரவாயில்லை. குடலில் புழு இருப்பவர் கை கழுவாமல் சமைத்தால், அந்த முட்டை வீட்டிலுள்ள மற்றவர் வயிற்றுக்குள் போகும். பன்றிக் கறியில் கட்டிய நீர்க்கட்டி இப்போது மனித மூளையில் கட்டும். அதன் விளைவு வலிப்பு. வேலூர் வட்டாரத்தில் நடந்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த நீர்க்கட்டியே காரணம் என்று தெரியவந்தது. பன்றிக் கறியைத் தொடாத குடும்பங்களுக்கும் இது வரும். வருவது கறியால் அல்ல, மனித மலத்தின் முட்டையால்.

பன்றிக்கு எந்த மூலிகையைப் புகட்டினாலும் இந்தச் சங்கிலி அறுபடாது. வீட்டில் எல்லோரும் கழிப்பறையைப் பயன்படுத்துவது, பன்றியைத் தெருவில் மேயவிடாமல் கொட்டகையில் வைப்பது, கழிப்பறைத் தொட்டி நீர் பன்றி நடமாடும் இடத்துக்கு வராமல் தடுப்பது, கறியை உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைப்பது — அறுப்பது இவைதான். மலத்தில் தட்டை நாடா போல வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மாத்திரை வாங்க வேண்டும். வலிப்பு வந்தவர்கள் தாங்களாகவே நாடாப்புழு மாத்திரை போடக்கூடாது. மூளையில் கட்டி இருந்தால் வலிப்பு கூடும். டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

எப்போது, எதை?

தாய்ப்பன்றிக்கு ஈனுவதற்கு 10 முதல் 14 நாளுக்கு முன்பு ஒருமுறை. குட்டிகளுக்குப் பால் மறக்கவைக்கும் 6 முதல் 8 வார வயதில் ஒருமுறை. தரை மோசமாக இருந்தால் 6 வாரம் கழித்து இன்னொருமுறை. வெளியிலிருந்து வாங்கிய பன்றியைக் கொட்டகையில் சேர்க்கும் முன்பு தனியாக வைத்து ஒருமுறை. இந்த நான்கு சமயங்களிலும் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்துதான் கொடுக்க வேண்டும்; மூலிகையை வைத்துச் சமாளிக்கும் இடம் இதுவல்ல. ஃபென்பென்டசோல் உருண்டைப்புழுவுக்கும் முடிச்சுப்புழுவுக்கும் நன்றாகக் கேட்கும். சொறியும் சேர்ந்திருந்தால் ஐவர்மெக்டின் ஊசி இரண்டையும் பார்த்துக்கொள்ளும். சினையின் முதல் மாதத்தில் அல்பென்டசோல் வேண்டாம். வயிறு மிகவும் உப்பிய குட்டிக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். செத்த புழு மொத்தமாகச் சேர்ந்து குடலை அடைத்துவிடும். மருந்து கொடுத்த பன்றியை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயங்களுக்கு நடுவில், பூசணி விதையும் பப்பாளிப் பழமும் நீங்கள் சோதித்துத் தேறிய மூலிகையும் தாராளமாகப் போகட்டும். தரை சுத்தமாக இருந்து பரிசோதனையில் முட்டை குறைவாகவே வந்துகொண்டிருந்தால், மருந்தின் எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். முட்டை எண்ணிக்கையைப் பார்க்காமல் குறைக்காதீர்கள்.

பரிசோதனைக்குச் சாணம் எடுக்கும்போது தரையில் கிடப்பதை அள்ளாதீர்கள். பன்றி போட்ட உடனே, மண் படாத மேல் பகுதியிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, சுத்தமான சிறு டப்பாவில் காற்றில்லாமல் மூடுங்கள். மேலே பன்றியின் அடையாளம், வயது, கடைசியாக மருந்து கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் முட்டை பொரிந்து, எண்ண முடியாமல் போய்விடும்.